பெட்டியும் காசும்

இந்த அமர்வுக்குத் தலைமை தாங்க அழைத்தபோது மகிழ்ந்தேன். முன்வரிசையில் யார் யார் என்று பார்த்ததும் தொண்டை கொஞ்சம் வறண்டது. என்னைத் திருத்தியவர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள்.

தலைப்பு ‘ஆங்கிலத்தில் தமிழ்ச் சொற்கள்’. கட்டுமரமும் மிளகுதண்ணியும் உங்களுக்குப் புதிதல்ல. திருச்சிச் சுருட்டின் சாம்பலை ஷெர்லாக் ஹோம்ஸ் 1887இலேயே இனம் கண்டுவிட்டார். இவற்றைக் கட்டுரையாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு ஒரு சொல் போதும்.

காலையில் காட்டூர் நிறுத்தத்தில் டீ குடித்தேன். “கேஷா, ஜிபேயா?” என்றார் கடைக்காரர். கேஷ் என்றேன். “அப்ப சில்லறைக் காசா குடுங்க சார்.” அந்தக் காசுதான் இந்தக் கேஷ் ஆயிற்று என்று முன்னொரு கருத்தரங்கில் நண்பர் ஒருவர் முழங்கினார், அரங்கம் கைதட்டியது. நான் மறுத்து எழுந்ததும் நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள். இன்று அந்த மணி என் மேசையில் இருக்கிறது.

ரொக்கம் என்னும் கேஷ், லத்தீன் ‘காப்சா’வில் தொடங்கி இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. பொருள், பெட்டி. பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கு ஆகிவந்தது. இதில் வியப்பில்லை, “இன்னைக்குக் கல்லா எவ்வளவு?” என்று நாம் கேட்பதும் பெட்டியை எண்ண அல்ல. பெட்டியைக் காத்தவர் கேஷியர். ஒருவரைப் பதவியிலிருந்து விரட்டும் ‘கேஷியர்’ என்ற வினைச்சொல்லோ உடைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. அது வேறு குடும்பம்.

நம் காசு சேர்ந்த இடம் இன்னொரு கேஷ். காசைப் போர்ச்சுகீசியர் ‘கைஷா’ என்றனர். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர். குழப்பம் அங்கே பிறந்தது. ஆங்கிலேயர் அதைக் கேஷ் ஆக்கினர். சென்னைக் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818 வரை இதுதான் வழக்கு. இங்கிலாந்தில் அடித்து இங்கே வந்த 1803ஆம் ஆண்டுச் செப்புக்காசில் ‘20 கேஷ்’ என்றே பொறித்திருக்கிறது. இந்தக் கேஷ் நம் பிள்ளை. இதை விட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கொஞ்சுவானேன்?

தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெலும் யூலும் தொகுத்து 1886இல் வந்த ‘ஹாப்சன்–ஜாப்சன்’ அகராதி இந்த வழியை ஒப்புகிறது. ஆனால் காசையே வடமொழி ‘கர்ஷ’ என்னும் எடைப்பெயரோடு முடிச்சுப் போடுகிறது. அதை அப்படியே எடுத்தாளும் அறிஞர்களை மதிக்கிறேன்; குறுந்தொகை 67ஆம் பாட்டை அவர்கள் மறுபடி பார்க்க வேண்டும். கிளியின் அலகில் வேப்பம்பழம். புது நூலில் கோப்பவரின் கூரிய நகத்தில் பொற்காசு போல. அங்கே காசு கொடுக்கல் வாங்கலில் இல்லை; நகையில் கோக்கப்படுகிறது. இன்றும் காசுமாலை என்கிறோம். எடைதான் மூலம் என்பவர் இந்த நூலுக்கும் நகத்துக்கும் முதலில் விடை சொல்லட்டும்.

பெரிய கோயில் கல்வெட்டில் ஒரு காசுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு, அது பொன். பிறகே சொல் செம்புக்கு இறங்கியது. அந்தக் கதையைப் பேச மணி இடம் தராது. வெண்பா ‘காசு’ என்னும் வாய்பாட்டிலும் முடியலாம் என்பது யாப்பு விதி. உரைக்கும் அதுவே போதும். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன். மறுப்பவர்கள் எழுந்தால் மணி அடிக்க மாட்டேன்.