கண்டு கற்றலும் தமிழில் கற்றலும்



1847இல் அமெரிக்காவினின்று யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் இளைஞர்க்கு மேலை மருத்துவம் பயிற்றினார். தொடக்கத்தில் ஆங்கிலமே பயிற்றுமொழி. ஆங்கிலத்தில் கற்றோர் அரசுப் பணி நாடிச் செல்ல, தமிழில் கற்போரே ஊரில் தங்கி மக்கட்கு உதவுவர் எனக் கருதி, 1864 முதல் தமிழிலேயே பயிற்றினார். கலைச்சொற்களை ஆக்கினார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அயலார் ஒருவர்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதா?

ஆனால், தமிழ்ச் சொல்லையே நெட்டுருச் செய்வித்தாலும் அறிவியல் வளராது. 'ஒளிச்சேர்க்கை'யை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டிச் செடியொன்றை இரண்டு நாள் இருளில் வைத்து, பின் ஓர் இலையின் ஒரு பகுதியைக் கருந்தாளால் மறைத்து, மாணவர் அதனை வெயிலில் வைக்கட்டும். மாலையில் இலையின் பச்சையத்தைப் போக்கி அயோடின் கரைசலை இடட்டும். வெயில் பட்ட பகுதி கருநீலமாகும். மறைத்த பகுதி ஆகாது. ஏன் என்று மாணவனே வினவுவான். ஒளியின்றி அங்கு மாப்பொருள் உண்டாகவில்லை என்று தானே உணர்வான். அதன் பின்னரே ஆசிரியர் அச்சொல்லைத் தருதல் வேண்டும். அப்போது அது புதிராக இராது. அவன் கண்ணால் கண்டதன் பெயராக இருக்கும்.

அன்று மாலையே அவன் அதனைத் தன் தாய்க்கு விளக்குவான். ஆங்கிலத்தில் உருப்போட்டு மதிப்பெண் பெற்றவனோ தாயின் முன் வாயடைத்து நிற்பான். பெற்றவளுக்கு எடுத்துரைக்கவியலா அறிவு நாட்டுக்கு எங்ஙனம் பயன்படும்? பள்ளிதோறும் அறிவியல் தமிழில் ஒலிக்கட்டும்! மாணவர் கைகள் ஆய்வில் தோயட்டும்!

வெல்க தமிழ்!