மனநலக் களப்பயிற்சி: பேட்டிக்குப் போகும் மாணவர்களுக்கு

(சமூகப்பணி படிக்கும் வட சென்னை மாணவர்களிடையே ஆற்றிய உரை)



ராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் சமூகப்பணி படிக்கக் கிளம்பியிருக்கிறீர்கள். உங்களில் பலர் துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைகள்; மீனவரின் பிள்ளைகள்; கம்பெனி வாசலில் காண்டிராக்ட் கூலியாக நிற்பவரின் பிள்ளைகள். வகுப்பில் படித்தால் மட்டும் போதாது, ஒரு ஸ்தாபனத்தில் களப்பயிற்சியும் பெறவேண்டும் என்பது இந்தப் படிப்பின் விதி. மனநலத் துறையைத் தேர்ந்தெடுத்தவர்களை அந்த ஸ்தாபனத்தார் முதலில் பேட்டி காண்பார்கள். அதற்கு எப்படித் தயாராவது என்பதே இன்றையப் பேச்சு.

"இங்கிலீஷ் சரளமாக வராதே, விலாசத்தைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்களோ" என்ற பயம் உங்களில் பலருக்கு இருப்பதை நாம் அறிவோம். அந்தப் பயத்தைப் போக்கத் தைரியம் சொன்னால் மட்டும் போதாது. விஷயம் தெரிந்தவனுக்குத்தான் தைரியம் நிலைக்கும். ஆகவே விஷயத்துக்கு வருவோம்.

பேட்டியில் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி இது: "இந்தத் துறைக்கு ஏன் வந்தீர்கள்?" இதற்கு இரண்டு தவறான பதில்கள் உண்டு.

"பாவம், அவர்களுக்குச் சேவை செய்ய வந்தேன்" என்பது ஒன்று. இரக்கம் நல்ல குணம்தான். ஆனால் இரக்கப்படுகிறவன் மேலே நிற்கிறான். இரக்கத்துக்கு ஆளானவன் கீழே நிற்கிறான். சிகிச்சை தர்மம் அல்ல, உரிமை.

மற்றது நம்மவர்களே சொல்வது: "மனநோய் முதலாளித்துவத்தின் விளைவு; சமுதாயம் மாறினால் நோயும் போய்விடும்." கேட்க உற்சாகமாக இருக்கிறது. ஆனால் காதில் குரல் கேட்டு இரவெல்லாம் தூங்காமல் நடக்கும் மகனை வைத்துக்கொண்டு தவிக்கும் தாயாரிடம் இதைச் சொல்ல முடியுமா? அவனுக்கு இன்றைக்கே டாக்டர் வேண்டும், மருந்து வேண்டும். சோஷலிஸ்ட் நாடுகளிலும் மனநோய் இருந்தது. கோஷம் மருந்தாகாது.

அதே சமயம் மருந்துச் சீட்டோடு காரியம் முடிந்துவிடுவதும் இல்லை. 1996ல் பெரம்பூர் பி அண்ட் சி மில் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மில் சங்கின் கணக்கில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அது வெறும் சம்பள நஷ்டமா? 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகையும் வலையையும் பாழாக்கியது. அதே மாதம் 26ந் தேதி இரவு கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் இருட்டில் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த இரவுக்குப் பிறகு ஒரு மீனவருக்குத் தூக்கம் கெட்டுப்போனதாக வைத்துக்கொள்வோம். டாக்டர் மருந்து எழுதுவார். அந்த இரவைப் பற்றிப் பொறுமையாகக் கேட்பது யார்? மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறாரா, ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் வருமானம் போகிறதே, அன்று அடுப்பு எரிகிறதா, மறுபடியும் கடலுக்குப் போக மனம் துணிகிறதா என்று விசாரிப்பது யார்? அதுதான் சமூகப்பணியாளரின் வேலை. இதை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். முதல் கேள்விக்கு அதுவே பதில்.

அடுத்தபடியாக, போகிற இடத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். கீழ்ப்பாக்கத்து அரசு மனநல ஆஸ்பத்திரியின் வரலாறு 1794ல் தொடங்குகிறது. 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன், 1984ல் ஸ்கார்ஃப் என்ற ஸ்தாபனத்தைத் துவக்கினார். மனச்சிதைவு நோயாளிகளின் சிகிச்சையும் மறுவாழ்வும் அதன் வேலை. 1993ல் துவங்கிய பேன்யன், வீடின்றித் தெருவில் அலைந்த மனநோயாளிப் பெண்களுக்கு இடம் கொடுத்தது. நமக்குப் பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும் மனநோய்ப் பிரிவு உண்டு. புற நோயாளிப் பிரிவில் ஒருவரோடு பேசச் சில நிமிஷங்களே கிடைக்கும். மறுவாழ்வு இல்லத்தில் மாதக்கணக்கில் ஒருவரோடு பழகவேண்டும். எங்கே என்ன வேலை என்று அறியாமல் பேட்டிக்குப் போவது, எந்த ஷிப்டு என்று தெரியாமல் மில் கேட்டுக்குப் போவது போலத்தான்.

சட்டத்தையும் படித்துக்கொள்ளுங்கள். 1912ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் நோயாளியைப் 'பைத்தியக்காரன்' என்றே அழைத்தது. அடைத்துவைப்பதே அதன் நோக்கம். 1987ல் வேறு சட்டம் வந்தது. ஆயினும் 2001 ஆகஸ்ட் 6ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு தனியார் மனநோய் இல்லத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி மாண்டார்கள். இறந்தவர்கள் 28 பேர். 2018 மே மாதம் அமலுக்கு வந்த 2017ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. சர்க்கார் செலவில் நடக்கும் இடங்களில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும் என்று அதன் 115வது பிரிவு சொல்கிறது. சட்டம் காகிதத்தில் தூங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் உங்களுக்கும் பங்கு உண்டு.

இனி, கடினமான கேள்விகள். "நோயாளி செத்துப்போகிறேன் என்கிறார், யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சுகிறார். என்ன செய்வீர்கள்?" ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல், உடனே மேற்பார்வையாளருக்குத் தெரிவிக்கவேண்டும். "இவருக்கு என்ன வியாதி என்று குடும்பத்தார் உங்களிடம் கேட்டால்?" வியாதிக்குப் பெயர் சூட்டுவது மாணவர் வேலையல்ல, டாக்டரிடம் அழைத்துப் போவதே வேலை.

நம் பகுதி மாணவர்களுக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு: "வார்டில் உங்கள் தெருக்காரரைப் பார்த்தால்?" குப்பத்திலும் லைன் வீடுகளிலும் ஒரு வீட்டு விஷயம் மறுவீட்டுக்குப் போக நேரமாகாது. அங்கே ஒருவருடைய நோய் வெளியே தெரிந்தால், அவர் தங்கை கல்யாணம் நின்றுபோகலாம். அவர் வேலை போகலாம். ஆகவே பார்த்ததை வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. மேற்பார்வையாளரிடம் தெரிவித்து, அவரை வேறொரு மாணவர் கவனிக்க ஏற்பாடு செய்யவேண்டும். "ஜனங்களோடு பழகியவன், எனக்குத் தெரியும்" என்ற பெருமை இங்கே செல்லாது. காசிமேட்டுப் பேச்சு உங்களுக்குப் புரியும் என்பது பெரிய பலம். அந்த நம்பிக்கையில் அவர் வாய் திறப்பார். திறந்த வாயிலிருந்து வந்த சொல்லைக் காப்பாற்றுவதில்தான் உங்கள் யோக்கியதை இருக்கிறது.

கடைசியாக, பேட்டி ஒருவழிப் பாதையல்ல. நீங்களும் கேளுங்கள். எங்களுக்கு மேற்பார்வையாளர் யார்? வாரத்தில் எத்தனை மணி நேரம் எங்களோடு உட்காருவார்? வீடுகளுக்குப் போகும்போது கூட யார் வருவார்கள்? பெண்களுக்கு என்ன பாதுகாப்பு? நோயாளிகளைச் சந்திப்போமா, அல்லது நாள் பூராவும் ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டிருப்போமா? பயிற்சி என்ற பெயரில் கூலியில்லாத குமாஸ்தாவாகப் போவதற்கு நாம் படிக்கவில்லை. பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் வராதீர்கள்.

தோழர்களே! நம் பகுதியில் மனநோய் வந்தவர் முதலில் கோயிலுக்கோ தர்காவுக்கோ போகிறார். கடன் ஏறிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார். 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கிறது என்பதுகூடப் பல வீடுகளுக்குத் தெரியாது. அப்படி வருகிறவர், மேஜைக்கு அந்தப் பக்கம் தன் பாஷை பேசுகிற, தன் கூலிக் கணக்கை அறிந்த ஒருவரைப் பார்க்கவேண்டாமா? அந்த நாற்காலியில் உட்காரும் உரிமை உழைப்பாளியின் பிள்ளைக்கு உண்டு. உரிமையோடு தகுதியும் சேரட்டும். நன்றாகப் படியுங்கள், நிமிர்ந்து போங்கள், வென்று வாருங்கள்!