பதினேழு நகர்த்தல்களில் ஒரு பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செஸ்ஸைப் பற்றிப் பேச நான் ஒன்றும் கிராண்ட்மாஸ்டர் இல்லை. கட்டட வடிவமைப்பில் வேலை பார்க்கும் ஒரு சாதாரண இன்ஜினியர். ஆனால் பெரிய ஆட்டக்காரர்களின் பழைய ஆட்டங்களைப் பலகையில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. அதில் கிடைக்கும் சந்தோஷத்தையும், அது நம் தொழிலுக்கு எப்படி உதவும் என்பதையும் இந்தப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். விடுதியில் நாம் சொல்கிற மாதிரியே ரூக்கை யானை என்றும், பிஷப்பை மந்திரி என்றும் சொல்கிறேன்.

1858ஆம் ஆண்டு, பாரிஸ் நகரம். அமெரிக்காவிலிருந்து வந்த பால் மார்ஃபி என்ற 21 வயது இளைஞர், சட்டம் படித்தவர், ஆபெரா அரங்கில் உட்கார்ந்து ஆடுகிறார். எதிரே ஒருவர் இல்லை, இரண்டு பேர்: பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் கலந்து பேசி ஆடுகிறார்கள். மொத்தம் 17 நகர்த்தல்கள்தான். 16ஆவது நகர்த்தலில் மார்ஃபி தன் ராணியையே கொடுத்துவிடுகிறார். 17ஆவதில் யானையும் மந்திரியும் சேர்ந்து மேட்!

முதல் தடவை பார்ப்பவர்கள் "அடேயப்பா, ராணியைக் கொடுத்தாரே!" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதுவும் ரசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அது வாசலில் நின்று கோலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது போல. வீட்டுக்குள்ளே போக வேண்டாமா? அதற்கு ஆட்டத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

மேட் விழுந்த நேரத்தில் கறுப்பின் ஒரு யானையும் ஒரு மந்திரியும் ஆரம்பக் கட்டத்தை விட்டு அசையவே இல்லை. ஏன்? 7ஆவது நகர்த்தலில் கறுப்பு ராணி அந்த மந்திரியின் வழியில் வந்து நின்றுவிட்டது. அது ஏன் அங்கே வந்தது? மார்ஃபியின் ராணி ஒரே நேரத்தில் இரண்டு சிப்பாய்களைக் குறிவைத்திருந்தது. எதையாவது செய்து தடுத்தாக வேண்டும். அந்த நெருக்கடி எங்கிருந்து வந்தது? 3ஆவது நகர்த்தலில் கறுப்பு அவசரப்பட்டு வெளியே கொண்டுவந்த மந்திரியை, அடுத்த நகர்த்தலிலேயே குதிரைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த மாற்றத்தில் மார்ஃபியின் ராணி சும்மா களத்துக்கு வந்துவிட்டது.

பார்த்தீர்களா? விரிசல் தெரிவது 17ஆவது மாடியில். காரணம் இருப்பது 3ஆவது மாடியில். விரிசலின் மேல் சிமென்ட் பூசுபவன் இன்ஜினியர் இல்லை. "இது ஏன், அதற்கு முன்னால் என்ன" என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்குபவன்தான் இன்ஜினியர்.

இன்னொன்றும் கவனியுங்கள். 8ஆவது நகர்த்தலில் மார்ஃபிக்கு ஒரு சிப்பாய் இலவசமாகக் கிடைத்தது. எடுத்தால் ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டு ஆட்டம் நீண்டிருக்கும். அவர் எடுக்கவில்லை, சும்மா இருந்த குதிரையை வெளியே கொண்டுவந்தார். 13இல் ஒரு யானையைக் கொடுத்தார். 14இல் மூலையில் கிடந்த இன்னொரு யானையை அதே வரிசைக்குக் கொண்டுவந்தார். கையில் எத்தனை காய் என்பது அல்ல, எத்தனை காய் வேலை செய்கிறது என்பதே கணக்கு.

"இப்போதுதான் செல்போனிலேயே செஸ் எஞ்சின் இருக்கே அண்ணா, எது நல்ல நகர்த்தல்னு ஒரு நொடியில சொல்லிடுமே?" என்று தம்பிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1999இல் விக் ஆன் ஸீ நகரில் காஸ்பரோவ் டோபலோவுக்கு எதிராக 24ஆவது நகர்த்தலில் ஒரு யானையைத் தியாகம் செய்தார். டோபலோவ் அதை வெட்டினார். பிறகு அவருடைய ராஜா பலகை முழுக்கத் துரத்தப்பட்டு, வெள்ளையின் முதல் வரிசை வரை போய்த் தோற்றது. அந்த யானையை வெட்டாமல் ராஜாவை நகர்த்தியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று பின்னால் நடந்த ஆய்வு காட்டியது. இதைச் சரிபார்க்க எஞ்சின் பெரிய உதவி. ஆனால் நாம் முதலில் அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால்தான் அந்தப் பதில் நமக்குள் தங்கும். இல்லாவிட்டால் அது வெறும் எண்.

நம் துறையிலும் இதே கதைதான். சாஃப்ட்வேர் உத்தரத்துக்கு எவ்வளவு கம்பி என்று சொல்லிவிடுகிறது. தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளி விழுந்திருந்தால் "இது சரியாக இருக்க முடியாதே" என்று சந்தேகப்படும் கண் நமக்கு இருக்கிறதா? அந்தக் கட்டடத்தின் கீழே குடியிருக்கப் போவது மனிதர்கள். அந்தக் கண்ணை எந்த சாஃப்ட்வேரும் தராது. நாமே யோசித்துப் பழகித்தான் பெற வேண்டும்.

கடைசியாக ரசனை. 1972இல் ரேக்யவிக்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 6ஆவது ஆட்டம். ஃபிஷரிடம் தோற்ற ஸ்பாஸ்கி, பார்வையாளர்களோடு சேர்ந்து ஃபிஷருக்குக் கைதட்டினார். அந்தத் தோல்வியால் போட்டியிலேயே பின்தங்கியவர் அவர்! எதிராளியின் வேலை நன்றாக இருந்தால் நன்று என்று சொல்ல ஒரு பெரிய மனசு வேண்டும். தொழிலில் அந்த மனசு உள்ளவன்தான் கற்றுக்கொண்டே இருப்பான்.

தம்பி தங்கைகளே, ஒரே ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு மாலை, நாலு பேர், ஒரு பலகை, ஒரு பழைய ஆட்டம். நகர்த்தல்களை ஒரு தாளால் மூடி வையுங்கள். அடுத்தது என்ன என்று ஒவ்வொருவரும் காரணத்தோடு சொல்லுங்கள். பிறகு தாளை இறக்குங்கள். எல்லாம் முடிந்த பின் செல்போனைத் திறங்கள். முதல் நாலு பலகைகளை வாங்கித் தருவது என் பொறுப்பு. ஆட்டத்துக்கு மார்ஃபி இருக்கிறார்.