தரங்கம்பாடி ஈயின் பெயர்

மும்பையின் செம்பூரில் வேலியோரமாக எருக்கஞ்செடி வளர்ந்திருந்தால் அதன் இளந்தண்டைப் பாருங்கள். பல சமயம் மஞ்சள் மஞ்சளாக அசுவினிப் பூச்சிகள் அப்பியிருக்கும். அசுவினி இருக்கிற இடத்தைத் தேடிக்கொண்டு கருப்பும் மஞ்சளுமாக வரி போட்ட ஒரு சிறு பூச்சியும் வரும். காற்றில் ஒரே இடத்தில் நின்றபடி பறக்கும். நாம் தேனீ என்போம், அல்லது குளவி என்போம். மராத்திக்காரர் மத்மாஷி என்பார். எல்லாமே தவறு. தேனீக்கும் குளவிக்கும் சிறகு நான்கு. இதற்கு இரண்டுதான், கொடுக்கும் கிடையாது. வேடம் போட்டுப் பறவைகளை ஏமாற்றும் ஈ இது. வேளாண்துறையினர் சிர்ஃபிட் ஈ என்பார்கள்.

சிர்ஃபஸ் என்ற பேரினப் பெயரை 1775இல் வைத்தவர் டென்மார்க்கில் பிறந்த ஃபாப்ரிசியஸ், லின்னேயஸின் மாணவர். 1802இல் பிரெஞ்சு அறிஞர் லாத்ரேய் அதிலிருந்து சிர்ஃபிடே என்ற குடும்பத்தை வகுத்தார். மூலமான கிரேக்கச் சொல்லுக்குக் கொசு மாதிரியான சின்னப் பூச்சி என்றுதான் பொருள். அந்தரத்தில் நிற்பதும் இல்லை அதில், வரியும் இல்லை. இது என்ன பெயர் என்று கேட்கலாம். பொருள் பொருந்தாதது ஒரு குறையே அல்ல என்பது என் கட்சி. பெரியசாமி என்பவர் நாலரை அடி உயரமே இருந்தாலும், அந்தப் பெயருக்கு வந்த மணியார்டர் அவர் கைக்குத்தான் போகும். அறிவியல் பெயருக்கும் அதுதான் வேலை: எந்த மொழிக்காரர் சொன்னாலும் அதே உயிரைச் சுட்ட வேண்டும்.

எருக்குக்கு வரும் இந்த வகை ஈக்களில் ஒன்றின் பெயர் இஸ்கியோடான் ஸ்குடெல்லாரிஸ். அதற்கு முதலில் பெயர் கிடைத்ததே நம் தரங்கம்பாடி மாதிரியை வைத்துத்தான். அப்போது அது டேனிஷ்காரர்கள் வசம் இருந்த ஊர். அங்கிருந்து போன பூச்சியை ஃபாப்ரிசியஸ் 1805இல் ஸ்கேவா ஸ்குடெல்லாரிஸ் என்று பதிவு செய்தார். முதுகின் பின்புறம் கேடயம் போலிருக்கும் சிறு தகட்டைக் குறிக்கும் சொல் ஸ்குடெல்லாரிஸ். இஸ்கியோடான் என்ற பேரினம் 1913இல்தான் உருவானது. ஈ அதற்குள் குடியேறியது. பெயரே மாறுகிறதே, பிறகு எப்படி நம்புவது என்பது நியாயமான கேள்வி. மாறியது முன்பாதி மட்டும். பின்பாதி அப்படியே நிற்கிறது. ஃபாப்ரிசியஸ் என்ற பெயரும் 1805 என்ற ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போய்விடும்; இந்த உயிர் முதலில் வேறு பேரினத்தில் இருந்தது என்பதற்கு அதுவே அடையாளம். இடம் மாறிய செய்தியையும் பெயரே சுமந்துகொண்டு வருகிறது. ஊரில் வழங்கும் பூச்சிப் பெயர்கள் எதற்கும் இந்த வசதி இல்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. பூச்சி நம் ஊருடையது, பெயர் மட்டும் லத்தீனா? பிடித்துக் கொடுத்த கைகளுக்குப் பெயரில் இடமில்லையே? உண்மைதான், அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அதற்காகப் பெயரை விட்டால், தரங்கம்பாடி என்ற ஊருக்கும் இந்த ஈக்குமான தொடர்பின் எழுத்துச் சான்றும் கூடவே போய்விடும். மலர் ஈ என்று தமிழில் தாராளமாகச் சொல்வோம். ஆனால் உலகில் இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 6,000 இனங்கள் உண்டு. அத்தனையையும் மலர் ஈ என்றால் ஆபத்து.

ஏனென்றால் அவற்றின் பிழைப்பு ஒன்றல்ல. இஸ்கியோடானின் புழு அசுவினியைத் தின்று வளர்வது. ஒரு புழு நூற்றுக்கணக்கில் தின்னும். அதே குடும்பத்து எரிஸ்டாலினஸின் புழுவோ அழுக்குத் தண்ணீரில், நாம் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் மாதிரியான இடத்தில், வால் போன்ற நீண்ட குழாயை மேலே நீட்டி மூச்சுவிட்டுக் கிடக்கும். சிர்ஃபிட் என்று மட்டும் சொன்னால் இவற்றில் எது என்று தெரியாது. இனப்பெயர் தெரிந்தால் அதன் புழுவின் படத்தைத் தேடிப் பார்க்கலாம்.

இது தெரியாததால் நடப்பது வேறு. அசுவினிக்கு நடுவே காலில்லாத, பச்சை நிறப் புழு நெளிகிறது. அதுவும் செடியைத் தின்கிறது என்று நினைத்து நசுக்கிவிடுகிறோம். பால்கனியில் அவரையோ மிளகாயோ வளர்க்கிற நேயர்களிடம் ஒரு வேண்டுகோள்: மருந்து அடிக்கும் முன் அசுவினிக் கூட்டத்துக்குள் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். அப்படி ஒரு புழு இருந்தால் மருந்தை எடுத்து வைத்துவிட்டுச் சில நாள் பொறுங்கள்.