கிணத்துத் தண்ணிக்குக் கணக்கு கேட்போம்!

(குமணன்சாவடியில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)

 

இன்னைக்கு நாம் பேசப்போவது ஒரே விஷயம்: கணக்கு. இந்த ரோட்டில் ராத்திரி பகலா ஓடுகிற தண்ணி லாரியைப் பார்க்கிறோம். டீசலுக்குக் கணக்கு இருக்கு, டிரைவர் கூலிக்குக் கணக்கு இருக்கு, கிணத்துக்காரருக்குக் கொடுப்பதற்கும் கணக்கு இருக்கு. ஆனால் பக்கத்துக் கழனிக்காரர் கிணற்றில் தண்ணி இறங்கினதுக்கும், அவர் போர் போட வாங்கின கடனுக்கும், நடவு வேலை போன தாய்மார்களின் கூலிக்கும் எந்த நோட்டில் கணக்கு இருக்கு?

பல்கலைக்கழகங்களில் சுற்றுச்சூழல் பொருளாதாரம் என்று ஒரு படிப்பு இருக்கிறது. லாபம் ஒருத்தருக்கும் நஷ்டம் ஊருக்கும் என்றால், அந்த நஷ்டத்தையும் விலையில் சேர்க்கணும் என்பது அதன் அடிப்படை. அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் 1971 முதல் இருக்கிறது. அங்கே பேராசிரியர் ஜனகராஜன் பாலாற்றுப் பகுதிக் கிணறுகளையும், சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களின் தண்ணீர்ச் சண்டைகளையும் பல வருஷம் ஆராய்ந்தார். ஏட்டுப்படிப்பு நமக்கெதுக்கு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். வேலூர் கதையைக் கேளுங்கள்.

தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர், அதாவது 86,000 ஏக்கர், ஓரளவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே அந்தக் கணக்கை எழுதியது. கெடுத்தவனே பணம் கட்டணும் என்றது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் வந்தது. 2001 மார்ச்சில் 29,193 பேருக்கு சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று முடிவானது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வராது! அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. பாக்கியை ஆறு வாரத்தில் கொடுங்கள் என்று 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியதாயிற்று.

இதில் ரெண்டு பாடம். கணக்கு எடுத்ததால்தான் நியாயம் கிடைத்தது. கெட்ட பிறகு எடுத்ததால் மண்ணு திரும்பவில்லை, காசும் சில்லறையாகத்தான் வந்தது. ஆகவே கணக்கு முன்னாடியே வேணும்.

நம்ம பக்கம் மீஞ்சூரைப் பாருங்கள். நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் பல வருஷம் ஆழ்குழாய் போட்டு உறிஞ்சினார்கள். நல்ல தண்ணி இறங்க இறங்க, கடல் தண்ணி பூமிக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-ல் நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. மழை இலவசமாகக் கொடுத்ததைக் கெடுத்துவிட்டு, கரண்ட்டு செலவழித்து உப்பைப் பிரிக்கிறார்கள்!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் கடலோரத்திலும் இதே கதிதான். அங்கே தண்ணி இறைத்தவர்கள் சங்கம் சேர்ந்தார்கள். யார் எவ்வளவு இறைக்கிறார் என்று அளந்தார்கள். கோர்ட்டு மூலமாக ஆளாளுக்குக் குறைத்துக்கொண்டார்கள். கரையோரமாக நல்ல தண்ணியைப் பூமிக்குள் செலுத்தி உப்பைத் தடுத்தார்கள். இதை ஆராய்ந்து 1965-ல் முனைவர் பட்டம் வாங்கிய எலினார் ஆஸ்ட்ரம் அம்மையாருக்கு 2009-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பொதுச்சொத்தை அனுபவிக்கிற ஜனங்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று அவர் நிரூபித்தார். நம் பாட்டன் காலத்தில் நீர்க்கட்டி வைத்து ஏரித் தண்ணியை முறைவைத்து விட்டதும் அதுதானே?

தண்ணி விற்கிற விவசாயி நமக்கு எதிரி இல்லை. நெல்லு போட்டவனுக்குப் போட்ட முதல் திரும்பாதபோது அவர் வேறென்ன செய்வார்? குடிக்கத் தண்ணி கேட்கிற நகரத்து ஜனங்களும் எதிரி இல்லை. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி வந்ததை எல்லோரும் பார்த்தோம். அடுத்த வறட்சியிலும் நம் கிணற்றைத்தான் தேடி வருவார்கள். அதற்கு முன்னால் நாம் தயாராகணும்.

நம் கோரிக்கைகள்:

1. லாரியில் நிலத்தடி நீர் ஏற்றி விற்க உரிமம் வேண்டும் என்று 1987-லேயே சட்டம் இருக்கிறது. அதை அமல்படுத்து!

2. எடுக்கும் தண்ணியை மீட்டர் வைத்து அள! அளவைக் கிராமசபையில் படி!

3. தண்ணி எடுக்கும் முன்பே, சுற்றுக் கிணறுகளுக்கும் கூலி வேலைக்கும் வரும் இழப்பைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களை வைத்து மதிப்பிடு! அந்தத் தொகையை ஊருக்குக் கொடு!

4. ஏரிகளைத் தூர்வாரு! வரத்துக்கால் ஆக்கிரமிப்பை அகற்று!

தோழர்களே, நம் பங்குக்கும் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். மாசம் ஒரு தடவை கயிறு விட்டுக் கிணற்று மட்டத்தை அளந்து தேதியோடு எழுதுங்கள். மோட்டார் ஓடின நேரம், தரிசு போட்ட செண்டு, போருக்கு ஆன செலவு எல்லாம் எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளே எழுதிவிடும். தாலுகா ஆபீசில் மனு கொடுக்கும்போது அந்த நோட்டைத்தான் மேஜைமேல் வைக்கப்போகிறோம்.

கணக்கு வைப்போம்! கணக்கு கேட்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!