மூன்று மணிச் சங்கிலி

சீபீல்டு ரப்பர்த் தோட்டம் இருந்த நிலத்தில் 1970களில் எழுந்த நகரம் சுபாங் ஜெயா. அங்கே குடியேறிய நம் பிள்ளைகள், குடல் புண்ணுக்கும் தோல் அரிப்புக்கும் மருந்தென்று கைப்பேசியில் விளம்பரமாகும் 'கே.பி.வி.'யைப் பற்றிக் கேட்கிறார்கள். அது என்ன என்று பார்ப்போம்.

புரதம் என்பது அமினோ அமிலம் என்னும் மணிகளைக் கோத்த சங்கிலி. நம் உடலில் சுரக்கும் 'ஆல்பா எம்.எஸ்.எச்.' என்ற பொருளில் 13 மணிகள் உண்டு. அது தோலுக்கு நிறம் கூட்டும், அழற்சியையும் தணிக்கும். அதன் கடைசி மூன்று மணிகளே கே.பி.வி.: லைசின், புரோலின், வாலின்.

2008இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெருங்குடல் அழற்சி கண்ட எலிகளுக்கு இதைக் குடிநீரில் கொடுத்தார்கள். அழற்சி குறைந்தது. சிறு புரதத் துண்டுகளை உள்ளே இழுக்கும் ஒரு வாசல் குடலின் உயிரணுக்களில் உண்டு. அழற்சி கண்ட பெருங்குடலில் அவ்வாசல் பெருகுகிறது. அதன் வழியே கே.பி.வி. உள்ளே போகிறது.

நல்ல செய்திதான். ஆனால் எலிக்குக் கேட்டது மனிதருக்கும் கேட்கும் என்று சொல்லிவிட முடியாது. மனிதரிடம் பெரிய அளவில் சோதித்து இது மருந்தென்று நிரூபிக்கப்படவில்லை.

ஆகவே, எந்த மருந்து வாங்கினாலும் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தாலோ தாமதிக்காமல் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் கொடுத்த மருந்தை நாமாக நிறுத்தவும் வேண்டாம்.