முதல் ஆறு வாரங்கள்

(பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி செல்லும் மாணவ மாணவியருக்கான பாராட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கினவர்களைத் தட்டிக்கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் வந்தேன். செயலாளர் விடவில்லை. "முப்பது வருஷம் இன்ஜினியரிங் காலேஜில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர், அதில் பன்னிரண்டு வருஷம் ஹாஸ்டல் வார்டன் வேறே. உபயோகமாக ஏதாவது சொல்லுங்கள்" என்றார். மார்க் வாங்கும் வித்தையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஆறு வாரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வார்டனாக நான் பார்த்த கஷ்டங்களில் பாதிக்கு மேல் அந்த ஆறு வாரத்தில் விதை போட்டவை.

இரண்டு வருஷமாக உங்களை அம்மா எழுப்பினாள். கோச்சிங் கிளாஸ் அட்டவணை போட்டது. அப்பா வண்டியில் கொண்டுவிட்டார். ஒரு டெஸ்ட்டில் மார்க் குறைந்தால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் செய்தி வந்துவிடும். கல்லூரியில் சேர்ந்த அன்று இதெல்லாம் ஒரேயடியாக நின்றுபோகும். எட்டு மணி வகுப்புக்கு நீங்கள் போகாவிட்டால் ஏன் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பேராசிரியருக்கு எதிரே நூறு முகம். அதில் உங்கள் முகம் எது என்று அவருக்கு இன்னும் தெரியாது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் செமஸ்டர் கணக்கும் பௌதிகமும் நுழைவுத் தேர்வுக்குப் படித்த மாதிரியேதான் ஆரம்பிக்கும். நன்றாகப் படித்த பிள்ளைகளுக்குத்தான் இது ஆபத்து. "இதெல்லாம் தெரிந்ததுதானே" என்று அறையில் படுத்துவிடுவார்கள். மூன்றாவது நான்காவது வாரத்தில் பாடம் சத்தம் போடாமல் மாறிவிடும். விடையைக் கண்டுபிடி என்பது போய், நிரூபித்துக் காட்டு என்பார்கள். லிமிட் கணக்கைப் போட்டுத் தள்ளினவனிடம் எப்சிலான், டெல்டா வைத்து லிமிட் என்றால் என்ன என்று கேட்பார்கள். நாலு விடையில் ஒன்றுக்கு டிக் போட்டுப் பழகின கை அங்கே ஓடாது.

பெரும்பாலான கல்லூரிகளில் 75 சதவிகித வருகை கட்டாயம். நாற்பது வகுப்பு என்றால் பத்து விடலாம் என்று பிள்ளைகள் முதல் நாளே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இந்தக் கணக்கு மட்டும் யாருக்கும் தப்புவதில்லை! முதல் மாதமே எட்டைச் செலவழித்துவிட்டால், அக்டோபரில் டெங்கு வரும்போது கையில் இரண்டுதான் இருக்கும்.

பண விஷயமும் அப்படித்தான். எங்கள் காலத்தில் மணியார்டர் வரும். தீர்ந்தால் பர்ஸைத் திறந்தவுடன் தெரியும். இப்போது போனைக் காட்டினால் எண்பதும் நூற்றிருபதுமாகப் போவது தெரிவதில்லை. பெற்றோர்கள் மாதப் பணமாகப் போடாமல் வாரப் பணமாகப் போடுங்கள்.

வெளியூரில் வளர்ந்த நம் குழந்தைகளுக்கு இன்னொன்று. என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்துக்கு. பன்னிரண்டாம் வகுப்பு எங்கே முடித்தோமோ அதுதான் நம் மாநிலம். நாக்பூரில் படித்த நம் பையன் திருச்சியில் சேர்ந்தால் அங்கே அவன் வெளிமாநிலத்து மாணவன்தான். வீட்டில் தமிழ் பேசுவான், பஸ் போர்டைப் படிக்கத் தெரியாது. கிளம்புவதற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டால் சௌகரியம்.

ராகிங் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: 2009-இல் யு.ஜி.சி. கொண்டுவந்த விதிகளின்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி எழுதித்தர வேண்டும். அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். புகார் சொல்ல 1800-180-5522 என்ற எண் இருக்கிறது.

இப்போது ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். நல்ல ராங்க் வாங்கி வந்தவன். ஆறாவது வாரத்து முதல் பரீட்சையில் இருபதுக்கு நாலு. வீட்டில் சொல்லவில்லை. தினமும் ராத்திரி அம்மா போன் செய்வாள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "கிளாஸுக்குப் போனியா?" "போனேன்." இரண்டாவது பதில் பொய். அடுத்த பரீட்சையை எழுதவே இல்லை. எழுதினால்தானே மார்க் வரும்? நவம்பரில் முதல் பதிலும் பொய்யாயிற்று. மெஸ்காரர் என்னிடம் வந்து, "சார், அந்தப் பையன் நாலு நாளாகச் சாப்பிட வரவில்லை" என்றார். போய்க் கதவைத் தட்டினேன். திறக்க நேரமாயிற்று. அந்தக் கதவுக்கு வெளியே நின்ற நிமிஷங்களை நான் மறக்கவில்லை.

திறந்தான். நாலு பாடம் போயிற்று. அடுத்த வருஷம் எழுதித் தேறினான். அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை. இருபதுக்கு நாலு என்று சொல்ல அவனுக்கு ஓர் ஆள் இல்லை. தகவல் சொன்னபோது அவன் அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வேன்?" பையன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

குழந்தைகளே, உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஆசிரியர் ஒருவர் பெரும்பாலும் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. முதல் வாரத்திலேயே, ஒரு கஷ்டமும் இல்லாதபோதே, அவர் அறைக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். பின்னால் கஷ்டம் வரும்போது அந்த வாசற்படி ஏறுவது சுலபம். அவரிடமும் சொல்ல முடியாத மனக்கஷ்டம் என்றால் 14416. டெலி மானஸ் என்று 2022-இல் ஆரம்பித்த அரசாங்க உதவி எண், இலவசம், ராத்திரியிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

பெற்றோர்களே, கல்லூரி போர்ட்டலின் பாஸ்வேர்டைக் கேட்காதீர்கள். பதினெட்டு முடிந்தால் ஓட்டுப் போடுகிற வயது. போனில் கிளாஸைப் பற்றிக் கேட்பதை நாலு நாள் நிறுத்திவிட்டு, ரூமில் கூட இருக்கிற பையன் எந்த ஊர், என்ன பேசுகிறான் என்று கேட்டுப் பாருங்கள். முதல் மார்க் குறைவாக வந்தால் "சரி, அடுத்தது எப்போ?" என்பதற்கு மேல் அன்று பேசவேண்டாம்.

தீபாவளிக்கு ஊருக்கு வர ரயில் டிக்கெட்டை நீங்கள் எடுக்காதீர்கள். அவர்களே எடுக்கட்டும். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. அந்த நேரத்துக்கு எழுந்திருக்கிற பழக்கம் அதற்குள் போகாமல் இருந்தால் பர்த் கிடைக்கும். இல்லாவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான்.